ஜூலியானாவின் பால்பல்

ஆரோக்கியநாதன் தன் மகளிடம் முதன்முதலாகப் பேசிய சொல், "வாயத் தொற" என்பதுதான்.

அதற்கு முன்னால் அரைமணி நேரம் அவன் மடத்துப் பார்வையாளர் அறையில் உட்கார்ந்திருந்தான். பினாங்கின் கடலோரத்தில் இருந்த கன்னியர் மடம் அது. சுவருக்கு அந்தப் பக்கம் அலை வந்து கல்லில் மோதிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தது. தரையை அவ்வளவு சுத்தமாகத் துடைத்து வைத்திருந்தார்கள். அதில் காலை ஊன்றவே அவனுக்குக் கூச்சமாக இருந்தது. பாதத்து வெடிப்புகளில் குங்கிலியப் பிசின் கறுப்பாக ஒட்டியிருந்தது. காலையில் மண்ணெண்ணெய் போட்டு எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. மடியில் ஒரு காகிதப் பொட்டலம் இருந்தது. பாசார் கடையில் வாங்கிய பிஸ்கட்டும் ஒரு முழம் சிவப்பு ரிப்பனும் அதற்குள் இருந்தன.

கதவைத் திறந்துகொண்டு ஆலிஸ் வந்தாள். அவள் மடத்திலேயே வளர்ந்து, மடத்திலேயே தங்கி, வாசல் சாவியை வைத்திருப்பவள். வயது முப்பது இருக்கும். அவள் கையைப் பிடித்துக்கொண்டு சாம்பல் நிறக் கவுன் போட்ட ஒரு சின்னப் பெண் வந்தது.

"இதுதான் ஜூலியானா."

ஆரோக்கியநாதன் எழுந்து நின்றான். அவன் பார்த்தது பிள்ளையின் உயரத்தை. ஜன்னல் கட்டைக்குக்கூட எட்டாது போலிருந்தது. மணிக்கட்டு தீக்குச்சி கனம். பொட்டலத்தை நாற்காலியில் வைத்துவிட்டுக் குனிந்தான்.

"வாயத் தொற."

பிள்ளை ஆலிஸைப் பார்த்தது. ஏதோ நோய் இருக்கிறதா என்று பார்க்கிறான் போல என்று நினைத்த ஆலிஸ் தலையசைத்தாள். பிள்ளை வாயைத் திறந்தது. மேலும் கீழுமாகப் பற்கள், பிஞ்சு மக்காச்சோளத்து மணி போலச் சின்னச் சின்னதாக, நெருக்கமாக, ஒன்றுகூடக் குறையாமல் இருந்தன. அவன் கட்டைவிரலை உள்ளே விட்டு மேல் முன்பல் இரண்டையும் அழுத்திப் பார்த்தான். கீழ்ப் பல்லையும் அழுத்தினான். எதுவும் ஆடவில்லை. பிள்ளையின் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. தலையை மட்டும் அது பின்னால் இழுக்கவில்லை.

அவன் நிமிர்ந்து விரலை வேட்டியில் துடைத்தான்.

"இது என் புள்ள இல்ல."

"என்ன சொல்றீங்க?"

"எம் புள்ளைக்கு இந்த நவம்பரோட எட்டு முடியுது. இதுக்கு அஞ்சு, இல்ல அஞ்சர. ஒரு பல்லுகூட விழல. ஆடக்கூட இல்ல."

அவன் பொய் சொல்லவில்லை. நிபோங் திபால் பக்கத்துக் கரும்புத் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்தவன் அவன். அங்கே பிள்ளைகளுக்குப் பிறந்த தேதி என்று ஒன்று கிடையாது. விடியலில் பேர் கூப்பிடுகிற பிரட்டுக்கு ஆள் சேர்ந்து நிற்கும்போது, கணக்கு எழுதுகிற கிராணி பிள்ளைகளை ஒரு வரிசையாக நிறுத்தி வாயைத் திறக்கச் சொல்வார். மேல் முன்பல் இரண்டும் விழுந்திருந்தால் புல்லுவெட்டுக்குப் பேர் பதியலாம், விழாவிட்டால் லயத்து வீட்டுக்குத் திரும்பிப் போகலாம். ஆரோக்கியநாதனின் பேர் பதிந்ததும் அப்படித்தான். முந்தின நாள்தான் விழுந்திருந்தது. கிராணி கட்டைவிரலால் ஈறைத் தடவிப் பார்த்துவிட்டு, "இவன் ஆளாயிட்டான்" என்றார். அந்த விரலில் இருந்த புகையிலை வாடை அவனுக்கு இன்னும் நினைவில் இருக்கிறது. ஒரு பிள்ளையின் வயதைக் கண்டுபிடிக்க வேறு வழி உண்டு என்று அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை.

ஆலிஸ் இடுப்பில் கை வைத்தாள்.

"எட்டு வருசம் கழிச்சு வந்துட்டு, மாடு புடிக்கற மாதிரி பல்லப் புடிச்சுப் பாக்குறீங்க. நல்லா இருக்குலா உங்க ஞாயம்."

"பேரேடு இருக்குமில்ல. அதப் பாத்துச் சொல்லுங்க."

அவள் உள்ளே போய்ப் பெரிய புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்து மேசையில் பிரித்தாள். "ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினெட்டு, நவம்பர் இருபத்தொண்ணு. பெண். ரொம்பப் பலவீனம். தாய் அமலம்மாள், இறந்தாச்சு. தகப்பன் ஆரோக்கியநாதன், படகுக்காரர் தெரு. பேரு வைக்கல. மதர்தான் ஜூலியானான்னு வச்சிருக்காங்க. போதுமா?"

"அந்த மாசம் எத்தன புள்ளைங்க வந்திச்சு?"

ஆலிஸ் பக்கத்தைத் திருப்பினாள். அது ஜுரம் வந்த வருஷம். தெருவுக்குத் தெரு பிணம் எடுத்த மாதம்.

"நாப்பத்தொண்ணு."

"பொழச்சது?"

"ஏழு."

"அந்த அமளியில ஒண்ணு மாத்தி ஒண்ணு ஆயிருக்காதுன்னு சத்தியம் பண்ணுவீங்களா?"

"நான் அப்ப சலவைக் கட்டுல இருந்தேன். தெரியாததுக்கு எப்படிச் சத்தியம் பண்றது? மதர் பண்ணுவாங்க, கூப்பிடட்டுமா?"

அவன் வேண்டாம் என்று கையசைத்தான். ஆலிஸ் புத்தகத்தை மூடினாள்.

"அண்ணே, ஒண்ணு சொல்றேன். டிசம்பர் கப்பல்ல யாரும் இல்லாத புள்ளைங்கள சிங்கப்பூர் மடத்துக்கு அனுப்புறாங்க. அங்க வளந்து, வேல கத்துக்கிட்டு, வீட்டு வேலைக்குப் போவும். இதோட பேரும் அதுல இருக்கு. அதுக்குத்தான், நீங்க கப்பலேறினதப் பாத்தவங்களக் கேட்டு, மதர் சுமத்ராவுக்குக் கடிதம் போட்டு, அங்க உள்ள சாமியார் மூலமாத் தேடிப் புடிச்சது. நவம்பர் கடைசிக்குள்ள சொல்லிருங்க. அப்புறம் வந்து நிக்காதீங்க."

"யோசிச்சுட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு அவன் பொட்டலத்தை எடுத்துக்கொண்டான். அதைப் பிள்ளையிடம் கொடுக்க வேண்டும் என்று தோன்றவில்லை. வாசல்வரை போய்த் திரும்பிப் பார்த்தபோது அது அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தது. வாயை யாரும் மூடச் சொல்லாததால் இன்னும் திறந்தே வைத்திருந்தது.

"மூடுடி" என்றாள் ஆலிஸ்.

*

கடல் வற்றுகிற நேரத்தில், ஆற்று முகத்துச் சேற்றில் சரக்குத் தொங்கான் படகுகளை ஏற்றிச் சாய்த்துப் போட்டிருப்பார்கள். ஆரோக்கியநாதனுக்கும் முகம்மதுவுக்கும் அங்கே கலப்பத்து வேலை. பலகை இடுக்கில் இருக்கிற பழைய பஞ்சைச் சுரண்டி எடுத்து, புதுத் திரியை உளியால் திணித்து, மேலே குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சிப் பூசி அடைக்க வேண்டும். அலை திரும்புவதற்குள் முடித்தாக வேண்டும். ஐப்பசி மழை எப்போது வரும் என்று சொல்ல முடியாது. பூசினது காய்வதற்குள் மழை பிடித்தால் அன்றைய வேலை கடலோடு போயிற்று.

முகம்மது நாகூர்க்காரன். வெள்ளைப் பனியனில் எப்போதும் எண்ணெய்க் கறை. ஆறு பிள்ளைகள் பெற்றவன்.

"என்னா ஓய், நாத்திக்கெழமை புள்ளையக் கூட்டியாரப் போறேன்னு சட்டையெல்லாம் போட்டுக்கிட்டுப் போனீரு. திங்கக்கெழம தனியா வந்து நிக்கிறீரு?"

ஆரோக்கியநாதன் சொன்னான். முகம்மது உளியை நிறுத்திவிட்டுக் கேட்டான்.

"ஒரு பல்லும் விழலையா?"

"ஒண்ணும்."

"என் பெரியவனுக்கு ஆறு வயசுலயே முன்னாடி ரெண்டும் போச்சு. ஓதச் சொன்னா காத்துதான் வரும். ரெண்டாவதுக்கும் அப்படித்தான். ஒவ்வொண்ணையும் கூரைமேல வீசி வீசி, இப்ப எங்க கூரையில அத்தாப்புக் கீத்தவிடப் பல்லுதான் அதிகம்." அவன் சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்தினான். "ஆனா ஓய், எட்டு வயசுக்கு விழலன்னா அது இடிக்கத்தான் செய்யுது."

"அதத்தான் நானும் சொல்றேன்."

"படகுன்னா நீரு பலகையத் தட்டிப் பாத்தே வயசு சொல்லிப்புடுவீரு. புள்ளையத் தட்டிப் பாக்க முடியாதே."

மதியம் படகின் நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். முகம்மதுவின் மனைவி கட்டிக்கொடுத்த சோற்றில் கருவாடும் மிளகாய்ச் சம்பாலும் இருந்தன. ஆரோக்கியநாதன் கடையில் வாங்கின ரொட்டியைக் காப்பியில் தோய்த்துத் தின்றான். முகம்மது தன் கருவாட்டில் பாதியைப் பிட்டு அவன் ரொட்டிமேல் வைத்தான்.

"பொறந்தப்பக் கூட இருந்தது யாரு?"

"மருத்துவச்சி. சித்தி ஹாஜரான்னு பேரு, தமிழ் பேசற மலாய்க்காரங்க. ஜெலுத்தோங் கம்போங்ல இருந்தாங்க."

"அப்ப அந்தப் பொம்பளையப் போயிக் கேளும். உம்ம வீட்டுல நடந்ததப் பாத்த கண்ணு அது ஒண்ணுதானே."

ஆரோக்கியநாதன் கருவாட்டு முள்ளைத் துப்பினான். போகலாம்தான். ஆனால் எந்த முகத்தோடு போவது? அமலம்மாள் செத்த பிறகு பன்னிரண்டு நாள் அந்தப் பெண்பிள்ளைதான் குழந்தையை வைத்திருந்தாள். பதின்மூன்றாம் நாள் மடத்தில் சேர்க்கத் தூக்கிக்கொண்டு போனவளும் அவள்தான். அவன் வாசல்வரை கூடப் போனான். அன்று சாயங்காலமே சுமத்ராவின் பெலாவான் துறைமுகத்துக்குப் போகிற கப்பலில் சரக்கோடு சரக்காக ஏறிவிட்டான். ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளவில்லை. அந்தக் குழந்தை பிழைக்காது என்றுதான் நினைத்தான். பிழைக்காத குழந்தை சாகிறவரை காத்துக்கொண்டிருக்க அவனால் முடியவில்லை.

பெலாவானில் எட்டு வருஷம். அங்கேயும் இதே பஞ்சு, இதே குங்கிலியம். ஒருநாள் மேடான் கோயில் சாமியார் கூப்பிட்டனுப்பி, பினாங்கிலிருந்து கடிதம் வந்திருக்கிறது, உன் மகள் இருக்கிறாள் என்றார். அன்றிலிருந்து அவன் மனசில் ஒரு பிள்ளை வளர ஆரம்பித்தது. எட்டு வயசுப் பிள்ளைகள் என்று அவனுக்குத் தெரிந்தவர்கள் எல்லாருமே பொக்கையாகச் சிரிக்கிறவர்கள். அதனால் இவளையும் அப்படித்தான் வைத்துக்கொண்டான். முன்னால் இரண்டு பல் இல்லாமல், சகரம் சொல்ல வராமல், நாக்கு நுனியை அந்த இடைவெளியில் நீட்டிக்கொண்டு சிரிக்கிற ஒரு பெண். கப்பல் மேல்தட்டில் உட்கார்ந்து அவளோடு பேசிக்கொண்டே வந்தான். படகுக்காரர் தெருவில் ஒரு அறை பிடித்தான். பெரிய பாய் ஒன்றும் சின்னப் பாய் ஒன்றும் வாங்கினான். ஓரத்தில் நீலக் கோடு போட்ட சின்ன மங்குத் தட்டு ஒன்று வாங்கி ஆணியில் மாட்டினான்.

அன்று வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தபோது அந்தத் தட்டுதான் முதலில் கண்ணில் பட்டது. பொங்கின சோற்றைத் தன் தட்டில் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டான். பக்கத்து அறையில் புருஷனும் பெண்டாட்டியும் அரிசி குழைந்துவிட்டதற்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தச் சண்டை முடிந்துவிடக் கூடாது என்று அவனுக்கு இருந்தது.

*

கல்லறைத் திருநாள் செவ்வாய்க்கிழமை வந்தது. இரண்டு மெழுகுவர்த்தி வாங்கிக்கொண்டு அவன் கல்லறைத் தோட்டத்துக்குப் போனான். அமலம்மாளை எங்கே புதைத்தார்கள் என்பது அவனுக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தான். மூலையில் ஒரு செம்பக மரம், அதிலிருந்து இடது கைப் பக்கம் நாலாவது குழி. போய்ப் பார்த்தால் மரம் இல்லை. ஜுரத்தில் செத்தவர்களுக்கு நட்ட மரச்சிலுவைகள் எல்லாம் மழையில் இற்றுப் போய்விட்டன. லாலான் புல் இடுப்பளவு நின்றது. அதற்குள் ஒரு மேடு எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியவில்லை.

சுற்றிலும் ஜனங்கள் தங்கள் தங்கள் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்து, பூப் போட்டு, குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருந்தார்கள். அவன் மெழுகுவர்த்தியைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயும் இங்கேயுமாக நடந்தான்.

"யாரத் தேடுறீங்க தம்பி?" என்று ஒரு கிழவர் கேட்டார்.

"எங்க வீட்டுக்காரிய."

"பேரென்ன? கல்லுல எழுதியிருக்குமே."

"கல்லு வைக்கல."

கிழவர் சுண்ணாம்புச் சட்டியை எடுத்துக்கொண்டு திரும்பினார். ஆரோக்கியநாதன் ஏதோ ஒரு மேட்டின் மேல் இரண்டு வர்த்தியையும் நட்டுக் கொளுத்தினான். காற்றில் ஒன்று உடனே அணைந்துவிட்டது.

அப்போதுதான் மடத்துப் பிள்ளைகள் இரண்டிரண்டு பேராக வரிசையில் வந்தார்கள். தலையில் வெள்ளைத் துணி, கையில் செபமாலை. எல்லாருக்கும் கடைசியில், ஜோடி இல்லாமல், அந்தப் பிள்ளை வந்தது. அவனைக் கண்டதும் நடை தடுமாறியது. செபமாலை இல்லாத கையின் ஆள்காட்டி விரலை வாய்க்குள் விட்டு முன்பல்லை முன்னும் பின்னுமாக அழுத்திக்கொண்டே அவனைப் பார்த்தது. முன்னால் போன மதர் திரும்பிப் பார்த்து அதட்டவும் விரலை எடுத்துவிட்டது. இரண்டடி நடந்ததும் மறுபடி விரல் வாய்க்குள் போயிற்று.

விரல் சூப்புகிற வயசு, அஞ்சுகூட இருக்காது என்று நினைத்துக்கொண்டான் ஆரோக்கியநாதன். வரிசை புல்லுக்கு அப்பால் போய் மறைந்தது.

அதற்குப் பிறகு இரண்டு நாள் மழை. வேலை இல்லை. அறைக்குள் சின்னப் பாய் சுருட்டினபடி சுவரில் சாய்ந்திருந்தது. வெள்ளிக்கிழமை மழை கொஞ்சம் விட்டதும் பிஸ்கட் பொட்டலத்தை எடுத்துத் துண்டுக்குள் சுற்றிக்கொண்டு ஜெலுத்தோங் பக்கம் நடந்தான்.

*

சித்தி ஹாஜரா வீட்டுப் படியில் உட்கார்ந்து, பிள்ளை பெற்ற பெண் ஒருத்திக்காக மஞ்சளும் இஞ்சியும் அரைத்துக்கொண்டிருந்தாள். தலை பாதி நரைத்திருந்தது. அவனைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள்.

"பதிமூணாம் நாள் போன ஆளு" என்றாள். "அம்மி காயறதுக்குள்ள வந்துட்டியே."

"மன்னிச்சுக்குங்க அக்கா."

"மன்னிப்ப வச்சு நான் என்ன செய்ய? உக்காரு, நனையாத."

அவன் கீழ்ப்படியில் உட்கார்ந்தான். எப்படிக் கேட்பது என்று தெரியாமல், நடந்ததை எல்லாம் அப்படியே சொல்லிவிட்டான். கிராணி பல் பார்த்தது முதற்கொண்டு சொன்னான். அவள் அரைப்பதை நிறுத்தாமல் கேட்டாள்.

"அந்தப் புள்ள எத்தனையாம் மாசத்துல பொறந்திச்சு?"

"தெரியல அக்கா. ஜுரம் வந்து..."

"ஏழு. ஜுரத்தோட வலி எடுத்துப் போச்சு உம் பொஞ்சாதிக்கு. நான் வரும்போது பாதி வெளிய வந்தாச்சு. இந்த உள்ளங்கையில வச்சிருந்தேன். நகம் விரல் நுனிக்கு வரல. காத மடிச்சா மடிச்சபடியே கெடக்கும், ஈர எல மாதிரி. பாலு குடிக்கத் தெரியாது, பஞ்சுல தொட்டு ஒதட்டுல வைக்கணும். பிஸ்கட் டின்னுல பஞ்ச நெரப்பி, ரெண்டு பக்கமும் சுடுதண்ணி போத்தல் வச்சு, ஆற ஆற மாத்தி மாத்தி... பன்னெண்டு நாள். நீ எங்க இருந்தே?"

"வாசல்ல."

"வாசல்ல இருந்தே. உள்ள ஒரு தடவ எட்டிப் பாத்தியா?"

 அவள் விழுதை வழித்துக் கிண்ணத்தில் போட்டாள்.

"காசியான், பாவம். வயித்துல இன்னும் ரெண்டு மாசம் இருக்க வேண்டியது. அந்தப் புள்ளைங்களுக்கு எல்லாமே சுணங்கித்தான் நடக்கும். ஒக்காரறது சுணங்கும், நடக்கறது சுணங்கும். பல்லு மொளைக்க ஒரு வருசம் தாண்டும். சுணங்கி மொளச்சது சுணங்கித்தான் விழும். எல்லாத்துக்கும்னு சொல்ல மாட்டேன், ஆனா நான் பாத்ததுல நெறைய அப்படி." உள்ளே திரும்பிக் கூப்பிட்டாள். "ரோஹானா."

பதினெட்டு வயதுப் பெண் ஒருத்தி துணி பிழிந்த ஈரக் கையோடு வந்து நின்றாள்.

"என் தங்கச்சி மவ. இவளும் நாள் ஆவாமப் பொறந்தவதான். ஒனக்கு மொதப் பல்லு எப்பம்மா விழுந்திச்சு?"

"ஐயோ, அத ஏன் இப்பக் கேக்குறீங்க மக்?" ரோஹானா பெரியம்மாவைப் பார்த்து வெட்கப்பட்டாள். "ஒம்பது வயசு. பெரியக்கா கல்யாணத்துக்குப் போன எடத்துல, நெய்ச்சோத்தோட சேத்து முழுங்கிட்டேன். எல்லாப் புள்ளைங்களும் என்னப் பாப்பா பாப்பான்னு கேலி பண்ணுவாங்க."

அவள் உள்ளே போனாள். ஓலைக் கூரையிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"அப்ப அது எம் புள்ளதானா அக்கா?"

"அது எனக்கு எப்படித் தெரியும்? நான் ஒரு அடையாளமும் போட்டு அனுப்பல. பல்லப் பத்திக் கேட்டே, சொன்னேன்." அவள் கையைக் கழுவிக்கொண்டு அவன் பக்கம் திரும்பினாள். "நீதானே பாத்துட்டு வந்தே. நெறம் எப்படி? யாரு சாட?"

ஆரோக்கியநாதன் சொல்ல வாயெடுத்தான். கண்ணை மூடி நினைத்துப் பார்த்தான். மேல் வரிசைப் பல் தெரிந்தது. கீழ் வரிசைப் பல் தெரிந்தது. இடதுபக்கக் கடைவாயில் ஒரு சின்னக் கறைகூடத் தெரிந்தது. அதற்கு மேலே, மூக்கு இருக்க வேண்டிய இடத்தில், கண் இருக்க வேண்டிய இடத்தில், ஒன்றுமே இல்லை.

"முகத்தப் பாக்கல அக்கா" என்றான்.

சித்தி ஹாஜரா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டாள். துண்டுக்குள் இருந்த பொட்டலத்தைக் காட்டி, "அது யாருக்கு?" என்று கேட்டாள்.

"ஒங்களுக்குன்னுதான் எடுத்தேன்."

"பொய் சொல்லாத. எனக்கு யாராச்சும் ரிப்பன் வாங்குவாங்களா? நுனி வெளிய தொங்குது. போ. மழ வருது, நனைய விடாம எடுத்துட்டுப் போ."

*

வெள்ளிக்கிழமை பார்வையாளர் நாள் இல்லை. மணியை மூன்று தடவை அடித்த பிறகுதான் ஆலிஸ் கதவிலிருந்த சின்னத் திறப்பை விலக்கிப் பார்த்தாள். உடனே கதவைத் திறந்தாள்.

"நேத்தே ஆள் அனுப்பப் பாத்தேன். ஒங்க எடம் தெரிஞ்சாத்தானே. படகுக்காரர் தெருவுல எந்த வீடுன்னு எழுதிக் கொடுத்தீங்களா?"

"என்ன ஆச்சு?"

"உள்ள வாங்க, சொல்றேன். காலத் தொடைக்க வேணாம், வாங்க." அவள் குரலில் அன்றைய கேலி இல்லை. "நீங்க வந்துட்டுப் போன நாள்லேர்ந்து அதுக்கு ஒரே வேல. நாக்கால தள்ளறதும் விரலால ஆட்டறதும். அடிச்சும் பாத்தோம், கேக்கல. பெரிய புள்ளைங்ககிட்டப் போயி, ஒனக்கு எப்படி விழுந்திச்சு, ஒனக்கு எப்படி விழுந்திச்சுன்னு கேட்டுக்கிட்டே இருந்திச்சாம். புதன்கெழம தையல் ரூம்லேர்ந்து நூல் எடுத்துருக்கு. பல்லுல ஒரு மொன, சலவைக் கட்டுக் கதவுல ஒரு மொன. யாரோ ஒரு புள்ளைய விட்டுக் கதவச் சாத்தச் சொல்லியிருக்கு."

ஆரோக்கியநாதன் உள் கதவைப் பார்த்தான்.

"மொதத் தடவ நூல் அறுந்திச்சாம். ரெண்டாவது தடவ ஈறு கிழிஞ்சிச்சு. அப்பயும் விடல. நூல நாலா மடிச்சுக் கட்டி, இன்னொரு தடவ சாத்தச் சொல்லியிருக்கு. ஒரு சத்தம் போடலையாம். நான் போயிப் பாக்கும்போது கவுனெல்லாம் ரத்தம். சாத்துனது யாருன்னு கேட்டா இன்னைக்கு வரைக்கும் சொல்லல." ஆலிஸ் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "ரெண்டு நாளா கஞ்சிதான். இருங்க, கூட்டியாரேன்."

அதே அறை, அதே நாற்காலிகள். அவன் உட்காரவில்லை. துண்டிலிருந்து நீர் சொட்டித் தரையில் சின்னக் குளமாகத் தேங்கியது.

பிள்ளை வந்தது. மேலுதடு வீங்கி ஒரு பக்கமாகத் தூக்கிக்கொண்டிருந்தது. கையில் ஒரு தீப்பெட்டி. நேரே அவனிடம் வந்து அதை நீட்டியது. மடத்தில் இங்கிலீஷும் மலாயும் பேசிப் பழகின பிள்ளைக்குத் தமிழ் தேடித் தேடித்தான் வந்தது.

"விழுந்திருச்சு" என்றது. வீக்கத்தில் சொல் குழறியது. "தானா."

அவன் தீப்பெட்டியைத் திறந்தான். பஞ்சின் மேல் அந்தப் பல் இருந்தது. தானாக விழுந்த பால்பற்களை அவன் எத்தனையோ பார்த்திருக்கிறான். அவனுடைய பல்லை அவனே சாணியில் உருட்டி லயத்துக் கூரைமேல் வீசியிருக்கிறான். அவை நொய்யரிசி போல இருக்கும். அடியில் ஒன்றும் இருக்காது, வெறும் கிண்ணம். இது அப்படி இல்லை. காம்போடு பிடுங்கின முல்லை மொட்டு மாதிரி, மேலே கொஞ்சமாக வெள்ளை, கீழே அதைவிட நீளமாக ஒரு முழு வேர். வேரின் நுனியில் ரத்தம் காய்ந்து பழுப்பேறி இருந்தது. இன்னும் ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ அங்கேயே இருந்திருக்க வேண்டிய பல்.

அவன் நிமிர்ந்தபோது, யாரும் சொல்லாமலே பிள்ளை வாயைத் திறந்து வைத்திருந்தது. முன்னால் கறுப்பாக ஒரு குழி. அவன் அதைப் பார்க்கவில்லை. முகத்தைப் பார்த்தான். மாநிறம். நெற்றி அகலம். இடது புருவத்தில் ஒரு சின்ன வெட்டுத் தழும்பு, எப்போது விழுந்ததோ. அமலம்மாளின் சாடை இருக்கிறதா என்று அவன் தேடவில்லை. அந்தப் பிள்ளையின் கண் அவன் முகத்தில் இல்லை. அவன் வலது கைக் கட்டைவிரல் எங்கே போகிறது என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தது.

"வாய மூடு தாயி" என்றான்.  மறுபடியும் சொன்னான். "வாய மூடு. வலிக்கும்."

அது மூடிக்கொண்டது.

"தானாத்தான் விழுந்திருக்கு" என்று ஆலிஸிடம் சொன்னான். "எட்டு வயசுக்கு விழுந்திருது."

ஆலிஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "மதரக் கூப்பிடறேன்" என்றாள். "பேரேட்டுல ரேகை வைக்கணும்."

"கொஞ்சம் சுடுதண்ணி கெடைக்குமா? இல்ல காப்பி. இந்தப் பிஸ்கட் கெட்டியா இருக்கும்."

அவள் போன பிறகு, கால் வைக்கக் கூசின அந்தத் தரையில் அவன் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். பிள்ளை கொஞ்ச நேரம் நின்றது. பிறகு ஒரு கை தூரம் விட்டு அதுவும் உட்கார்ந்தது. வெளியே மழை கடலின் மேல் பெய்கிற சத்தம் கேட்டது. ஏதோ மறந்துபோனதை நினைவுபடுத்திக்கொண்டது போல அது நெற்றியைச் சுருக்கியது.

"மத்ததெல்லாம் எப்ப விழணும்?" என்று கேட்டது.

அவன் தீப்பெட்டியை மூடினான். மூடி சரியாகப் பொருந்தவில்லை. இன்னொரு தடவை மூடினான்.

"விழ வேணாம்" என்றான். "ஒண்ணும் விழ வேணாம். வீட்டுல தட்டு வாங்கி வச்சிருக்கேன், நீலக் கோடு போட்டது. கஞ்சி வச்சுத் தரேன்."

ஆலிஸ் கொண்டுவந்த காப்பியில் பிஸ்கட்டை முக்கி, அது இளகுகிறவரை பொறுத்திருந்து நீட்டினான். பிள்ளை வாங்கிக் கடைவாயில் வைத்து மெதுவாக மென்றது. மெல்லும்போதும் அதன் கண் அவன் கையை விட்டு நகரவில்லை. அவன் கட்டைவிரலை மடக்கி உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டு, மற்ற விரல்களால் அடுத்த பிஸ்கட்டை எடுத்தான்.